பல்காரன் பங்களாச் சாப்பாடு

எனக்குப் பெண் பார்க்கப் பாகூருக்குப் போனது ஒரு தை மாதத்தில். உலக யுத்தம் என்கிற பெரிய சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் இருக்கும். எங்கள் ஊர் வில்லியனூருக்கு மேற்கே. கரும்பு வெட்டி ஆலை ஓடிக்கொண்டிருந்த சமயம் என்பதால் அப்பாவால் வெல்லக் கொப்பரையை விட்டு நகர முடியவில்லை. "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. புடிச்சிருந்தா மத்தத நான் வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான், மூன்று பேரும் கூண்டு வண்டியில் கிளம்பினோம். மாமாவே ஓட்டினார்.

அம்மாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சோறு என்ன, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. பாகூர் போய்ப் பெண் பார்த்துத் திரும்புவது ஒரே நாளில் ஆகிற காரியம் இல்லையே, ராத்திரி எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பாவே ஆள் அனுப்பிவிட்டார். ஏரிக்கரையில் அவருக்குச் சொந்தமான பங்களா ஒன்று இருக்கிறது. அதை ஒரு வெள்ளைக்காரர் குத்தகைக்கு எடுத்து ஓட்டல் நடத்துகிறார். அங்கே தங்கிக்கொள்ளலாம், சைவச் சமையலுக்குச் சொல்லி வைத்திருக்கிறது, மறுநாள் காலை நல்ல நேரத்தில் வீட்டுக்கு வந்தால் போதும்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் புதுச்சேரியில் ஒரு துரை வீட்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர் என்று பேர் வாங்கியிருந்தார். வண்டி ஓட்டிக்கொண்டே வெள்ளைக்காரர் விருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மேஜைமேல் வெள்ளைத் துணி விரிப்பானாம், ஆளுக்கு மூன்று தட்டு வைப்பானாம், ஒன்று முடிந்ததும் அடுத்தது வருமாம்.

"மாடு கீடு போட்ருவானாடா?" என்றாள் அம்மா.

"அக்கா, நம்பள சம்பந்தி முறையில கூப்ட்ருக்காங்க. அதெல்லாம் சொல்லி வெச்சிருப்பாங்க. நீ பேசாம வா."

எங்கள் ஊரும் பாகூரும் பிரெஞ்சுக்காரன் சீமை. நடுவில் குறுக்கிடும் இங்கிலீஷ்காரன் எல்லையில் சுங்கச் சாவடிக்காரர்கள் கூடையை இறக்கிக் கிளறிப் பார்த்தார்கள். தாம்பூலத்துக்கு வைத்திருந்த வெற்றிலை பாக்கு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், இவ்வளவுதான் இருந்தது. கட்டுச்சோறு கட்டலாம் என்று அம்மா சொன்னதற்கு, விருந்துக்குப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டா போவார்கள் என்று மாமா தடுத்துவிட்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்துக்குப் பங்களாவை அடைந்தோம். காரை பெயர்ந்த பெரிய கட்டடம். வாசலில் பிரெஞ்சில் எழுதிய பலகை ஒன்று ஒரு பக்கம் ஆணி விட்டுச் சரிந்து தொங்கியது. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. மாமா கைதட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஏரிச் சேற்றோடு ஒருவர் வந்தார். மீசை காதுவரை இருந்தது. நேராக அம்மாவிடம் போய்க் குனிந்து, அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த ஆளைப் பற்றிப் பிற்பாடு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் பிரெஞ்சுக்காரர் அல்ல. பல்கேரியா என்ற நாட்டுக்காரர். கப்பலில் வந்தவர், எதனாலோ இறங்கித் தங்கிவிட்டார். யாராவது கேட்டால் மார்பைத் தட்டி "புல்கார், புல்கார்" என்பாராம். ஊரார் அதைப் பல்காரன் என்று எடுத்துக்கொண்டார்கள். பல்வலி வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். ஒருவருக்குப் பிடுங்கியும் விட்டாராம். குளிர்காலத்தில் ஏரிக்கு வாத்து சுட வரும் வெள்ளைக்காரர்களை நம்பித்தான் அவர் ஓட்டல் நடந்தது.

மாமா துண்டைச் சரிசெய்துகொண்டு, "பொன்ழூர், மெஸ்யே" என்று ஆரம்பித்தார். எங்களுக்கு ரூம் தயாரா என்று கேட்டார். துரை தலையை மேலும் கீழும் ஆட்டினார். சாப்பாடு தயாரா என்று கேட்டார். அதற்கும் நன்றாக மேலும் கீழும் ஆட்டினார்.

"எல்லாம் ரெடியாம்" என்றார் மாமா.

கைகால் கழுவிக்கொண்டு மேஜை முன்னால் போய் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை. நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி விரித்துத்தான் இருந்தது. போன வாரத்துக் குழம்பு அதில் காய்ந்திருந்தது. துரை எங்களுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். இருட்டிவிட்டது. விளக்கு ஒன்று வந்தது, சாப்பாடு வரவில்லை.

"மறுபடி கேளு" என்றாள் அம்மா.

மாமா கேட்டார். துரை இன்னும் வேகமாக மேலும் கீழும் ஆட்டினார். எனக்கு வயிறு ஒட்டிக்கொண்டது. கடைசியில் மாமா கோபம் வந்து, "அப்ப சோறே கிடையாதாய்யா?" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் கலந்து கத்தினார். துரை இப்போது தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"இருக்குதுங்கறான்" என்று மாமா மலர்ந்தார்.

அம்மாதான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "அட, அவன் தலை நம்ப தலை மாதிரி இல்லடா. மேலகீழ ஆட்டினா இல்லன்னு அர்த்தம். பக்கவாட்டுல ஆட்டினா ஆமாங்கறான். சோறு இல்லியான்னு கேட்ட, ஆமா இல்லன்னு சொல்றான். இத்தினி நேரமா சொல்லிக்கினேதான் இருக்கான் பாவம்."

அது உண்மைதான். அவர்கள் நாட்டில் தலை அப்படித்தான் ஆடுமாம். மாமா திரும்பக் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டார். உள்ளூர்ச் சமையல்காரன் முந்தின நாள் துரையோடு சண்டை போட்டுக்கொண்டு கரண்டியோடு போய்விட்டான். அறை மூன்று உண்டு. ஆனால் இரண்டில் கூரை ஒழுகுகிறது, ஒன்றுதான் கொடுக்க முடியும்.

எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். உள்ளே போய்த் தானே ஏதோ செய்து எடுத்துவந்தார். ஆளுக்கொரு கிண்ணம். வெள்ளையாக, நீர்த்து, மேலே வெள்ளரிக்காய்த் துண்டுகள் மிதந்தன. அதற்கும் மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக நின்றது. கூடவே ஒரு ரொட்டி. மாமா அதை மேஜை விளிம்பில் தட்டினார். மேஜைதான் சத்தம் போட்டது.

"இது குடிக்கறதா, தலைக்குத் தேச்சிக்கிறதா?" என்றாள் அம்மா. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "தயிர் நல்ல தயிருடா. அதுல பச்சப் பூண்டையும் எண்ணெயையும் போட்டு எதுக்குக் கெடுத்தான்?" கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள்.

மாமா வெள்ளைக்காரர் விருந்து என்று பெருமை பேசி வந்ததற்காகவே முழுதும் குடித்தார். நான் பசியில் இரண்டு கிண்ணம் குடித்தேன். பூண்டு நசுக்காமல் கிடந்தது. அதையும் மென்றேன். மறுநாள் நான் பெண் பார்க்கப் போகிறேன் என்பது அந்தச் சமயத்தில் எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை.

அறைக்கு விளக்கை எடுத்துக்கொண்டு போனோம். முதலில் நுழைந்த அம்மா "ஐயோ" என்று வெளியே ஓடிவந்தாள். உத்தரத்துக் கொக்கிகளில் நாலைந்து காட்டு வாத்துகள் தலைகீழாகத் தொங்கின. யாரோ வேட்டைக்கார துரை சுட்டது, கறி பதமாகட்டும் என்று கட்டி வைத்திருக்கிறார்களாம். அதிலிருந்து சொட்டியது கட்டில்மேல் காய்ந்திருந்தது.

"பொணத்துக்குக் கீழ படுக்கச் சொல்றான்! நான் வண்டியில படுத்துக்கறேன்" என்று அம்மா கூண்டு வண்டிக்குள் ஏறிவிட்டாள். நானும் மாமாவும் வண்டிக்கு அடியில் வைக்கோலைப் பரப்பிப் படுத்தோம். ஏரிக் கொசுக்கள் அத்தனையும் எங்களிடம்தான் சாப்பிட்டன.

விடிந்து எழுந்ததும் அம்மா தாம்பூலக் கூடையைத் திறந்தாள். வாழைப்பழச் சீப்பில் முன்பல் போன மாதிரி இடைவெளி. மாமா வேப்பங்குச்சி தேடப் போகிறவர்போல எழுந்து போனார்.

"தட்டுல வெக்கற பழத்தடா! உனக்கு வயசு என்னா?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கத்திவிட்டு, சீப்பைத் திருப்பி, ஓட்டை அடியில் மறைகிற மாதிரி வைத்தாள்.

துரை காப்பி கொண்டுவந்தார். பித்தளைக் குவளையில் தூளோடு கொதிக்கவைத்து அப்படியே ஊற்றிய கருங்காப்பி. பாதிக்குமேல் சேறு. அம்மாவுக்குக் காலையில் பால் காப்பி இல்லாவிட்டால் தலைவலி வந்துவிடும். பால் இருக்கிறதா என்று மாமா கேட்டார். துரை பக்கவாட்டில் தலையை ஆட்டினார். எங்களுக்குத்தான் இப்போது பாஷை தெரியுமே, சந்தோஷப்பட்டோம். அவர் எங்களைச் சமையல்கட்டுக்கு அழைத்துப்போய்ப் பெருமையாக வரிசையாகச் சட்டிகளைக் காட்டினார். அத்தனை பாலையும் உறை ஊற்றித் தயிராக்கி வைத்திருந்தார்.

நல்ல நேரத்துக்குப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அடுப்படியிலிருந்து வெங்காய சாம்பார் மணம் வந்தது. பின்னாலேயே நெய் காய்கிற மணம். அம்மா மூக்கை முந்தானையால் துடைப்பதுபோல மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பெண்ணின் அப்பா தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அம்மா கும்பிட்டு, "இருக்கட்டும் அண்ணே, பேசி முடிச்சிட்டு" என்றாள்.

பெண் வெற்றிலைத் தட்டோடு வந்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நான் நிமிர்ந்து பார்க்க வேண்டிய அந்த நேரத்தில் என் வயிறு சத்தம் போட்டது. சாதாரணச் சத்தமில்லை, தவளை கத்துகிற மாதிரி நீளமாக ஒன்று. பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். உள்ளே போய்ச் சிரித்தது கூடம்வரை கேட்டது.

பெண்ணின் அப்பா பேச்சை மாற்ற வேண்டும் என்று, "பங்களாவுல எல்லாம் சௌகரியமா இருந்துதா? சாப்பாடு எப்பிடி?" என்றார்.

மாமா மரியாதைக்காக, "பிரமாதம்ங்க. ராஜ உபசாரம்" என்றார்.

"அப்பிடியா! ரொம்ப சந்தோஷம். அப்ப ஒண்ணும் அவசரம் வேணாம். நிதானமா யோசிங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரிக்கும் துரைகிட்டயே சொல்லி அனுப்பிடறேன். நாளைக்கு வந்து பதில் சொன்னாப் போதும்."

அம்மா மாமாவைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பிறகு என்னைப் பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாயில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"யோசிக்கறதுக்கு இன்னா இருக்குது அண்ணே? எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. எலையப் போடுங்க."

நகை நட்டு, சீர் என்று அரைநாள் பேச்சுக்குத் தயாராக இருந்த மனிதர் பாயிலிருந்து எழுந்துகொண்டார். பிறகு உள்ளே பார்த்து, "எல போடச் சொல்றாங்க!" என்று குரல் கொடுத்தார். எங்கள் மூன்று பேருக்கும் இலை விழுந்தது. நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது. மாமா மூன்றாம் தடவை சாம்பார் கேட்டபோது அம்மா அவர் தொடையில் கிள்ளினாள். அந்தக் கையாலேயே தன் இலைக்கும் ரசம் ஊற்றச் சொன்னாள்.

ஊர் திரும்பியதும் அப்பா ஆலையடியிலிருந்து ஓடிவந்தார். "இன்னா பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. சாப்ட்டோம்" என்றாள் அம்மா.

அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆனாலும் சித்திரையில் கல்யாணம் நடந்தது.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து என் மனைவி இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, அன்றைக்கு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது பூண்டு நாற்றம் கதவு தாண்டி வந்ததாம். மாப்பிள்ளைக்கு ஏதோ வாயுக் கோளாறு, அதுதான் வயிறும் கத்துகிறது, வைத்தியர் பூண்டு தின்னச் சொல்லியிருக்கிறார் என்று அவள் அம்மா ரொம்பக் கவலைப்பட்டாளாம். இரண்டாவது, எங்களுக்கு முன்பே அவள் அப்பா அந்தப் பங்களாவில் ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். வந்து படுத்தவர் மறுநாள் சாயந்திரம்தான் எழுந்தாராம்.

இதைக் கேட்டதும் அம்மா துள்ளிக் குதித்தாள். "தெரிஞ்சேதான் அனுப்பியிருக்காரு! பட்டினி போட்டுப் பொண்ணக் குடுத்துட்டாரு!" என் மனைவி அப்பாவை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் வருஷக்கணக்காக இதைப் பேசிப் பேசி, ஒரு கட்டத்தில் இது இல்லாமல் அவர்களுக்குப் பொழுதே போகாது என்றாகிவிட்டது.

பெரிய சண்டை வந்ததும் வாத்து சுட வருகிறவர்கள் நின்றுபோனார்கள். துரையும் ஒருநாள் பெட்டியோடு புதுச்சேரிக்குப் போய்விட்டார். கப்பல் ஏறினாரா, அங்கேயே இருந்தாரா, தெரியவில்லை. பங்களாவில் மாமனார் நெல் மூட்டை அடுக்கினார். ஒரு அறுவடையின்போது மூட்டை ஏற்றிக் களைத்து அவரும் நானும் மட்டும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். இதுதான் சமயம் என்று நேராகவே கேட்டேன்.

"மாமா, அன்னைக்கு எங்கள இங்க தெரிஞ்சேதான் தங்கவெச்சீங்களா?"

அவர் ஏரியைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க அம்மா நல்லா சாப்ட்டாங்கல்ல?" என்றார். எழுந்து மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.