என் சீட்டிக்கு வந்த சின்னான்

குரங்கணிக்கு மேலே ஏலக்காட்டில் இரண்டு வகைச் சின்னான் குருவிகள் உண்டு; ஒன்றுக்குக் கன்னத்தில் சிவப்பு, மற்றதற்கு இல்லை. பாட்டு வேறு என்பதால் அவை தமக்குள் சோடி சேர்வது அபூர்வம். நான் விளையாட்டாக இரண்டு பாட்டையும் கலந்து சீட்டியடித்தேன். என் சீட்டி குக்கருக்கே அவமானம்.

பனிமூட்டத்துக்குள் எல்லாக் குருவிகளும் சட்டென்று அடங்கின. ஒன்று மட்டும் என் சீட்டியை அப்படியே திருப்பிப் பாடியது. கைக்கெட்டும் கிளையில் வந்தமர்ந்து, சிறகு நடுங்க என்னையே பார்த்தது. கன்னத்துச் சிவப்பு பாதிதான் இருந்தது.

"ரெண்டு சாதிக்கும் பொறந்தது மாப்ளே," என்றார் கூட வந்த ஜீப்புக்கார நண்பர். "எந்தப் பொட்டையும் அண்டாது. போன வருசமும் ஒத்தையாத்தான் பாடுச்சு. இப்பத்தான் அதுக்குப் பதில் வந்திருக்கு. நீதான் பொண்ணு."

"நான் போயிட்டா?"

"தேடும்."

ஜீப் இறங்க இறங்க, மரத்துக்கு மரம் பாடிக்கொண்டே பின்னால் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். பதில் சொல்லாமல் இருந்தவர்களைவிட, ஒருமுறை சொல்லிவிட்டுப் போன நான்தான் அதற்குப் பெரிய கெடுதல் செய்தேன்.