பிலோமினாவின் தொழில்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். ஹோட்டல் சமையலறையில் நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். "சிவா, உனக்குத்தான்" என்று செஃப் தொலைபேசியை நீட்டியபோது கையைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வாங்கினேன். அசீல் எனும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவனுக்கு வேலை நேரத்தில் நல்ல அழைப்பு வருவதில்லை. பேசியவர் ஆஸ்பத்திரித் தாதி. முதல் நாள் சலவைப் பகுதியில் மயங்கி விழுந்த பிலோமினா காலமாகிவிட்டார் என்றார். மூளையில் இரத்தக் கசிவு. வயது நாற்பத்தொன்று. எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. நல்லவேளை, இது என் கேஸைப் பற்றியது இல்லை என்ற ஆறுதல். வெட்கக்கேடுதான். ஆனால் அதை மறைத்துக்கொண்டு அவருக்கு அஞ்சலி எழுத மனம் வரவில்லை.

சுவிஸில், இந்த இன்டர்லாக்கனில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு அவர் படுக்கை விரிப்பு மடிக்கிற பிலோ அக்கா. ஞாயிறு பூசைக்குப் போகிறவர், அதிகம் கதைக்காதவர். எழுபதுகளில் கொழும்பில் ஒரு ஹோட்டல் இசைக்குழுவின் பாடகி அவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சினிமாப் பாட்டல்ல, ஊர் விருந்துகளில் ஆடும் பைலாவும் அல்ல. கறுப்பு அமெரிக்கர்களின் சோல், ஃபங்க். சொந்தமாக இரண்டு பாட்டு எழுதி ஒரு சின்ன இசைத்தட்டும் போட்டார். வானொலியில் சில தடவை போனதாம். நம்மவர்கள் அதை இங்கிலீஷ் பாட்டு என்று விட்டார்கள். இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிறவர்கள் உள்ளூர்ச் சரக்கு என்று விட்டார்கள். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் வராது. "ரெண்டு பக்கமும் சொந்தக்காரர் இல்லாத கலியாணம் மாதிரி அண்ணை, சாப்பாடு மிச்சம்" என்று சிரிப்பார்.

எண்பத்து நான்கில் அவர் இங்கே வந்தபோது நம்மவர்களுக்குக் கேஸ் எழுதிக் கொடுப்பவன் நான்தான். ஊரில் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற மிதப்பு வேறு. அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். எண்பத்து மூன்று கலவரத்தில் அவர் வீட்டுக்கு வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஹோட்டல் விளம்பரத் தட்டியில் அவர் முகத்தைப் பார்த்திருந்தார்கள். பாட்டுக்காரி எங்கே என்று கேட்டுத்தான் கதவை உடைத்தார்கள். நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"பாட்டை விடுங்கோ பிலோ. ஹோட்டலிலை பாடினனான் எண்டு சொன்னால், கபரேயிலை ஆட வந்தவள் எண்டு நினைச்சுத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"அப்ப ஏன் என்னைத் தேடி வந்தவங்கள் எண்டு கேட்டால்?"

"தமிழ் எண்டபடியால் எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

தையல் ஆசிரியை என்று எழுதினேன். கொழும்பில் அவரை அப்படித்தான் தெரியும் என்று சாட்சிக் கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையில் இங்கே வரும்வரை அவரை நான் கண்டதே இல்லை. நம்மில் பலரும் அப்போது அப்படித்தான். ஒருவருக்குச் சரிவந்த கதையை அடுத்தவருக்கு அளவு பாராமல் மாட்டிவிடுவோம்.

மறுவருடம் கோடையில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஹோட்டல் மண்டபத்தில் விருந்தினருக்கு நடன நிகழ்ச்சி. வாசித்தவர்கள் இத்தாலியர். பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மேசை விரிப்புகளோடு போன பிலோ, பேஸ் கிற்றார்க்காரரின் ஒத்திகையைக் கேட்டு நின்று மெல்ல முணுமுணுத்திருக்கிறார். அந்த மனிதர் விடவில்லை. எனக்குச் செய்தி வந்து நான் ஓடிப்போனபோது, சலவைப் பகுதியின் வெள்ளை ஏப்ரனோடு அவர் மேடையில் நின்றார்.

அந்த இசை எனக்குத் தெரியாது. தாளம் போகிறது, குரலைக் காணோம். தவறவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து, கொஞ்சம் கரகரத்து, யாரையும் கெஞ்சாமல் வந்தது. தேநீரோடு உட்கார்ந்திருந்த கிழவர்களும் எழும்பி ஆடினார்கள். நான் கதவைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக நின்றேன். அவருடைய பெர்மிட் சலவை வேலைக்கு மட்டும். யாராவது போய்ச் சொல்லிவிட்டால்? "ஏன் அவ்வளவு பிந்தினீங்கள், எனக்கு உயிர் போயிட்டுது" என்று பிறகு கேட்டேன். "பயப்பிடாதேங்கோ அண்ணை. பேஸ் முன்னாலை போகட்டும், நான் பின்னாலை வாறன். அதுதான் இந்தப் பாட்டு" என்றார்.

அன்று உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் அவரைப் படம் எடுத்திருந்தார். அந்தப் பத்திரிகைக்காரரைத் தாழ்வாரத்தில் மறித்து, என் அரைகுறை ஜெர்மனில் கெஞ்சினேன். படத்தைப் போடமாட்டேன் என்று வாக்குத் தந்தார். போடவும் இல்லை. பெரிய கெட்டித்தனம் செய்தவனைப் போல பிலோவிடம் போய்ச் சொன்னேன். அவர் விரிப்பை மடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். "கேஸிலை ஒருக்கா, பேப்பரிலை ஒருக்கா. என்னை ரெண்டு தரம் அழிச்சுப்போட்டியள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன மாரியில் அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒரு தையல் ஆசிரியையை ஒரு கூட்டம் குறிவைத்துத் தேடி வந்தது என்பது நம்பும்படி இல்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அவருடைய உண்மைக் கதையை நம்பவைக்கக்கூடிய ஒரே விஷயம் பாட்டு. அதைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேன். கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"மேன்முறையீட்டிலை உண்மையைச் சொல்லப்போறன், அண்ணை."

"சொன்னால் நான் பொய்ச்சாட்சி."

"உங்கடை பேரை விட்டிட்டுச் சொல்லுறன்."

"என்ரை கையெழுத்து அங்கை கிடக்கு, பிலோ."

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "ஓம். உங்களுக்கும் ரெண்டு பிள்ளையள்" என்றார். என் மனைவியும் பிள்ளைகளும் ஊரில் நான் கூப்பிடும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். தையல் கதையையே இழுத்து நீட்டி மேன்முறையீடு எழுதினேன். அவர் வாசித்துப் பாராமல் கையெழுத்திட்டார். அதன் பிறகு சலவைப் பகுதியைக் கடந்து போகும்போது அவருடைய முணுமுணுப்பு நின்றுபோய் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நாலு மாதம் இருவரும் தபால்காரரையே பார்த்திருந்தோம். பதில் வருமுன் அவர் போய்விட்டார். அந்த இரத்தக்குழாய் பிறப்பிலேயே பலவீனமாக இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதை நம்பவே விரும்புகிறேன்.

அவருக்கு இங்கே உறவு யாரும் இல்லாததால் மரணத்தைப் பதிய நான் போனேன். அலுவலகப் பெண் கோப்பைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தார். பெயர், பிறந்த இடம், சமயம்.

"தொழில், தையல் ஆசிரியை. சரிதானே?"

ஆம் என்று தலையாட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பேன்.  

"இல்லை, பாடகி" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "கோப்பில் வேறு இருக்கிறதே. அதை யார் எழுதிக் கொடுத்தது?"

"நான். அது பொய்."

 அவர் பழைய தாளை உருவி எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று செருகினார். முடிந்ததும் என் பெயர், விலாசம், பெர்மிட் இலக்கம் எல்லாவற்றையும் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

பிலோவைத் தெரிந்தவர்களே, உங்களில் யாரிடமாவது அந்த இசைத்தட்டு இருந்தால் ஒரு தரம் போட்டுக் கேளுங்கள். என்னிடம் அது இல்லை. மேடையில் நின்ற படமும் இல்லை, அதை நானே இல்லாமற் செய்தேன். அந்தப் படிவத்தின் பிரதி ஒன்று இருக்கிறது. என் கேஸ் பத்திரங்களுக்கு மேலே வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகிறது. தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டால் கடிதம் எனக்கா என்று கதவைத் திறந்து பார்க்கிறேன். வரட்டும். இந்த நாட்டில் பிலோமினாவைப் பாடகி என்று சொல்கிற தாள் அது ஒன்றுதான்.