திட்டி விற்ற நைட்டிகள்

சுரபாயாவில் எங்கள் சந்துக்காரர்கள் கொஞ்சிப் பேசினாலே, வெளியூர்க்காரர்கள் அடிதடி என்று நினைத்து விலக்கிவிட ஓடி வருவார்கள். "நாசமாப் போனவனே, எப்படா வந்த?" என்றால் இங்கே நலம் விசாரிப்பு. வாங்க போங்க என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். அப்படிப்பட்ட சந்திலும் பெரிய வாய் என்றால் அது பொனிராவின் வாய்தான். முன்னறையில் செல்போனைத் தாங்கியில் நிறுத்திவைத்து, லைவில் நைட்டி விற்பது அவள் தொழில். பாத்திக் பூப்போட்ட தொளதொள பருத்தி நைட்டி. சமைக்க, தூங்க, தெருமுனையில் வம்பளக்க, எல்லாவற்றுக்கும் எங்கள் பெண்களுக்கு அது ஒன்றே போதும்.

இரண்டு வருடம் சுமாராக ஓடியது. பிறகு சந்துக்குச் சந்து நைட்டி லைவ் முளைத்துவிட்டது. புருஷன் மிஸ்னான் பைக் டாக்சி ஓட்டுகிறவன். அவனுக்கும் சவாரி குறைந்துபோனது. ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கும் அக்கா சுலாஸ்மி அந்த நேரம் பார்த்துப் போன் செய்தாள். "எங்க கட்டடத்துலயே ஒரு வீட்டுல ஆள் தேடுறாங்கடீ. நோன்புப் பெருநாளுக்கு முன்னாடி பதில் சொல்லணும். வந்துடு." போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது. மகள் விலிஸுக்கு நான்கு வயது. நோன்பு மாத வியாபாரம் கைகொடுத்தால் இருப்பது, கைவிட்டால் விமானம் ஏறுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்தார்கள். பேசும்போது இரண்டு பேரும் குழந்தையின் பக்கம் திரும்பவில்லை.

கடைசி முயற்சியாக, ஓட்டல் ஒன்றில் நடந்த ஒருநாள் பயிற்சிக்குப் போனாள். ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர், "துணி எல்லார்கிட்டயும் இருக்கு. உங்ககிட்ட மட்டும் இருக்கறது நீங்கதான். நீங்கதான் உங்க பிராண்ட்" என்றார். "கண்ண மூடி யோசிங்க. நீங்க யாருன்னு மூணே வார்த்தைல எழுதுங்க."

அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சரியாகத்தான் சொன்னார். பொனிராதான் கண்ணை முழுசாக மூடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், சலவை மடிப்பு கலையாத முக்காடும் பளபளக்கும் நகமுமாக உட்கார்ந்து, 'மென்மை, நளினம், நேர்த்தி' என்று எழுதிக்கொண்டிருந்தாள். பொனிரா எட்டிப் பார்த்து அதையே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்த பழக்கம் எங்கே போகும்?

அடுத்த நாள் முதல் அவள் நைலா. பொனிரா என்பது பட்டிக்காட்டுப் பெயராம். இளம் ஊதா முக்காடு, வட்ட விளக்கு, பின்னால் பிளாஸ்டிக் பூ. "அன்புச் சகோதரிகளே, இந்த வண்ணம் உங்கள் மனதைத் தொடட்டும்" என்று வானொலியில் செய்தி வாசிப்பது போலப் பேசினாள். அன்ன நடை பழகப்போன காக்காய்க்குத் தன் நடையும் மறந்துபோன கதைதான். நூறு பேர் பார்த்த இடத்தில் பத்துப் பேர் கூட நிற்கவில்லை. ஒருத்தி மட்டும், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று எழுதிக் கேட்டாள்.

நோன்புக்கு முந்தைய வாரம். விற்காத நைட்டிகளை மடித்துக்கொண்டே, பழைய லைவ் பதிவுகளை அழிக்க உட்கார்ந்தாள். நைலாவுக்கு அவை அவமானமாக இருந்தன. அழிக்கும் முன் ஒன்றை ஓடவிட்டாள். அதில் தலை கலைந்த ஒருத்தி கையில் பச்சை நைட்டியை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய் ஏய், இத யாரும் வாங்காதீங்கடீ! ரெண்டு தரம் தொவைச்சா சாயம் போகுது. எனக்கே போயிருச்சு, பாரு என் பாவாடைய! நீ யாரு, புள்ளத்தாச்சியா? உனக்கு முன்னாடி ஜிப்பு வச்சது வேணும்டீ மண்டு. பால் குடுக்கறப்ப தலைவழியாவா கழட்டுவ?"

பொனிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொன்றைப் போட்டாள். அதற்குப் பிறகு அழிக்கிற எண்ணமே போய்விட்டது. கத்துகிற மும்முரத்தில் அந்தக் காலத்தில் அவள் கீழே ஓடிய எழுத்துகளில் விலையும் அளவும் தவிர எதையும் படித்ததில்லை. இப்போது படித்தாள். 'இன்னும் கொஞ்சம் திட்டுக்கா.' 'இன்னிக்கு லீவு. வாங்க ஒண்ணுமில்ல, சும்மா கேட்டுட்டு இருக்கேன்.' 'எங்கம்மா கத்தற மாதிரியே இருக்கு, அழுகையா வருது.'

நைட்டியை மடித்த கை நின்றுவிட்டது. காகிதத்தில் நான் எழுதியது யாரை? அந்த முக்காட்டுக்காரியை. அப்படியானால் நான் யார்? இப்போதுதான் கண்ணை முழுசாக மூடினாள். மென்மை கிடையாது, நளினம் சுத்தமாகக் கிடையாது. பொய் சொல்ல வராது. வாங்க வந்தவளை வீட்டு மனுஷியாகத்தான் பார்க்கத் தெரியும், வீட்டு மனுஷியைத் திட்டத்தான் தெரியும். இவ்வளவுதான் பொனிரா. இந்த இவ்வளவை நம்பி இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடவுளே, இது தெரியாமல் போச்சே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. நடித்தாய் என்று சொல்லிவிட மாட்டார்களா? வழக்கம்தான் அவளுக்கு வழி விட்டது. நோன்பு தொடங்குவதற்கு முன் எங்கள் பக்கத்தில் அப்பம் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்போம். பொனிரா சந்து முழுக்கக் கொடுத்து முடித்தாள். மிச்ச அப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, வட்ட விளக்கு இல்லாமல், உடுத்தியிருந்த நைட்டியோடு லைவில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். நைலான்னு யாரும் கெடையாது. நான் பொனிரா. நல்லாப் பேசினா நல்லா விக்கும்னு நெனச்சு உங்கள ஏமாத்திட்டேன்."

எழுத்துகள் கொட்டின. 'எங்களுக்குத் தெரியாதாக்கும்! முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சா தெரியாதா?' 'எங்கடீ போயிருந்த நாசமாப் போனவளே?' அதைப் படித்ததும் பொனிரா முந்தானை இல்லாத குறைக்கு நைட்டியின் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கத்மினா என்ற பெண், 'நான் தைவான்ல வேலை பாக்கறேன்க்கா. ஊருல எங்கம்மாவுக்கு ஒண்ணு அனுப்பணும்' என்று எழுதினாள்.

"உங்கம்மாவுக்கு என்ன அளவு?"

'தெரியலக்கா.'

"பெத்தவ அளவு தெரியாதாடீ உனக்கு? என்ன பொண்ணு நீ?"

'நான் பாத்து ஆறு வருஷம் ஆச்சுக்கா. எளச்சிருப்பாங்களோ என்னமோ.'

விலிஸ் தட்டிலிருந்து ஒரு அப்பத்தை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பொனிரா அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். "உங்கம்மா நம்பரக் குடு. நானே கூப்பிட்டு அளவு கேக்கறேன்" என்றாள்.

மறுநாள் கூப்பிட்டாள். இளைத்துத்தான் போயிருந்தார்கள் அந்த அம்மா. "ஒழுங்காச் சாப்பிடறதில்லையா நீங்க? உங்க மக அங்க யாருக்காக ஒழைக்கறா?" என்று திட்டித் தீர்த்து, ஒரு சுற்று பெரிய அளவாகவே அனுப்பிவைத்தாள். அந்தச் சங்கதி எப்படியோ பரவிவிட்டது. மலேசியா, தைவான், சவூதி என்று கடல் கடந்த மகள்கள் எல்லாரும் தங்கள் அம்மாக்களின் நம்பரை அனுப்ப ஆரம்பித்தார்கள். பாதி நோன்பிலேயே சரக்குத் தீர்ந்து, மிஸ்னான் சவாரியை விட்டுவிட்டுப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தான். ஒவ்வொரு தொழுகையிலும் பொனிரா அந்தப் பெண்களின் பெயரை ஞாபகம் இருந்தவரை சொல்லி நன்றி சொன்னாள்.

பிறகு அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் வரல. இங்கயே பொழச்சுக்குவேன். எல்லாரும் என் வாயக் கேக்கத்தான் வந்திருக்காங்க, தெரியுமா? நான்தான் கவனிக்கல."

"எனக்குத் தெரியும்டீ" என்றாள் சுலாஸ்மி. "ஞாயித்துக்கிழமை லீவானா பார்க்குல உக்காந்து நானும் அதத்தான் கேட்டுட்டு இருந்தேன். வியாபாரம் படுத்து அந்தச் சத்தமே நின்னுபோயிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் உன்னையே வரச் சொன்னேன்."