பம்புக்கு வைச்ச சந்தனப் பொட்டு

டவுன்டவுனில ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில எனக்கு வேலை. ஆராய்ச்சி செய்யிறவை கொண்டுவாற பனியை உருக்கி வடிகட்டி, அதுக்குள்ள என்னென்ன நுண்ணங்கி சீவிக்குது எண்டு பார்க்க ஆயத்தம் செய்து குடுப்பன். மொன்ரியலில பனிக்கு என்ன பஞ்சம் எண்டு என்ர மனுசன் பகிடி விடுவார். அது வேற, இது வேற. இது வெயில் நாட்டு மலையுச்சியில கிடக்கிற பனி.

அந்த முறை வந்தது மூண்டு போத்தல். கொண்டுவந்தவ பெரு நாட்டு ஆராய்ச்சி மாணவி. தன்ர ஊருக்கு மேல நிக்கிற மலையில தானே ஏறி அள்ளினவ. "என்ர படிப்பு முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு" எண்டு என்ர கையில தந்தா.

நான் வடிகட்டின நாள் ஆயுத பூசை. வீட்டில தையல் மெஷினுக்கும் காருக்கும் சந்தனம் வைச்சிட்டு, மிச்சத்தைச் சின்ன டப்பாவில கொண்டுபோனன். சோறு போடுற சாமானை விடலாமோ? வடிகட்டுற பம்புக்கு ஒரு பொட்டு, நடுவில குங்குமம். பேந்து கையுறையைப் போட்டுக்கொண்டு ரெண்டு போத்தலை உருக்கி வடிச்சன். மூண்டாவதைக் கையிருப்பா ஃபிரீசரில விட்டன். ஒப்பிட்டுப் பார்க்க, கிருமி நீக்கின வெறும் தண்ணியையும் வடிச்சன். எல்லாம் முடிஞ்சு கையுறையைக் கழட்டேக்கதான் கண்டன், அதின்ர பெருவிரல் நுனியில மஞ்சள். ஈரம் காயாத பொட்டில எப்பவோ கை பட்டிருக்கு. பயத்தில பம்பைத் துடைச்சிட்டுப் பேசாமல் இருந்திட்டன்.

அதுக்குப் பிறகு ஒழுங்கான நித்திரை இல்லை. முடிவு வந்தது. பனியில இருந்த அதே நுண்ணங்கியள் வெறும் தண்ணியிலயும் இருந்தது. எது மலையின்ர, எது வெளியில இருந்து வந்தது எண்டு பிரிக்கேலாது. பாவம், அவ தண்ணியைத்தான் சந்தேகப்பட்டா. "பரவாயில்லை, திரும்பப் போய் அள்ளிக்கொண்டு வாறன்" எண்டா. அண்டைக்கும் நான் வாய் திறக்கேல்லை. என்னை என்னத்தால அடிக்கிறது?

அடுத்த கிழமை, தன்ர தமையன் ஊரில இருந்து அனுப்பின படத்தைக் காட்டினா. அவ அள்ளின இடம் முழுக்கக் கறுத்த பாறை. மருந்துக்கும் வெள்ளை இல்லை.

அப்பதான் சொன்னன். டப்பா, பொட்டு, பெருவிரல், எல்லாம். கத்துவா எண்டு நினைச்சன். கத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவ ஃபிரீசரைத் திறந்து மூண்டாவது போத்தலை எடுத்துக் கனநேரம் பார்த்தா.

"உருக்கினால்தான் உள்ள ஆர் இருக்கினம் எண்டு தெரியும். உருக்கினால் அந்த மலையில இருந்து மிச்சம் ஒண்டும் இராது" எண்டு சொல்லி, திரும்ப உள்ள வைச்சுப் பூட்டினா.

படிப்பை விட்டிட்டு ஊருக்குப் போகேக்க சாவியை என்னட்டத்தான் தந்தா. ஏன் எனக்கெண்டு கேக்க எனக்குத் துணிவு வரேல்லை.

ரெண்டு வருசமாச்சு. காலமை வந்தவுடன, கோட்டைக் கழட்ட முதல், ஃபிரீசரின்ர குளிர் அளவைத்தான் பார்க்கிறன். அதுவும் பழசு, இப்ப வரவர இரையுது. போன கிழமை மூண்டு பாகை ஏறிக் கிடந்தது. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.