கேஷ்தாண்ணா, வாங்க!

போன வருடம் வைகாசி மாதம், ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து அருவிக்குப் போகிற ரோட்டில் நடந்தது இது. நான் ஆலங்காயத்துக்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரருக்கு நிலமும் மாடும். ஒரே பையன். ஷூ கம்பெனி வேலையாக வியட்நாம் போனவன், அதே தொழிற்சாலையில் வேலை செய்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்புறம் கம்பெனியில் அவனை வாணியம்பாடிக்கு மாற்றினார்கள். மருமகளும் கூடவே வந்துவிட்டாள். வாணியம்பாடியில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருந்தார்கள்.

எனக்கு அவள் மேல் கோபம் எல்லாம் கிடையாது. என்ன பேசுவது என்பதுதான் பிரச்சினை. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் வராது, அவள் பாஷையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வந்த புதிதில் என்னை "மே" என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் "வாமே, போமே" என்பது ரொம்ப உரிமையுள்ளவர்கள் பேச்சு, இல்லையென்றால் குழாயடிச் சண்டைப் பேச்சு. பக்கத்து வீட்டுப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்கு முகமே சுருங்கிப்போனது. பையன்தான் ஓடி வந்து, "அவங்க ஊர்ல மேன்னா அம்மாம்மா" என்றான். சரி, கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பையன் வெளியூர் போகும்போதெல்லாம் நான் போய் அவளுக்குத் துணையாக இருப்பேன். கையாலும் கண்ணாலும்தான் எங்கள் பேச்சு. ரசத்தை மட்டும் கிண்ணத்தில் வாங்கி வாங்கிக் குடிப்பாள். அவள் குடிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனாலும் வந்திருக்கிற விருந்தாளிக்கு ஊற்றுகிற மாதிரிதான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெளியே போக வேண்டுமென்றால் அவள் படும் பாடுதான் பெரிய பாடு. அவள் ஊரில் போனைத் தட்டினால் வண்டி வருமாம், கார்டிலிருந்து காசு தானாகவே போய்விடுமாம், வாயைத் திறக்க வேண்டியதே இல்லையாம். இங்கேயும் ஆப்பில் ஆட்டோ வருகிறது. ஆனால் அவள் ஊர் கார்டை அது ஏற்றுக்கொள்ளவில்லை. போனில் பணம் அனுப்ப இங்கே பேங்க் கணக்கு வேண்டும், அதற்கான பேப்பர் வேலை இன்னும் முடியவில்லை. அதனால் கையில் காசு வைத்துக்கொண்டு போவாள். அங்கேதான் சிக்கல். ஆப்பில் கூப்பிட்டதும் ஆட்டோக்காரர் போன் போட்டு, "கேஷா, ஆன்லைனா?" என்று கேட்பார். இவள் "ஹலோ, ஹலோ" என்பாள். அவர் வைத்துவிடுவார். வண்டி கேன்சல். அடுத்த வண்டி, அடுத்த போன், அடுத்த ஹலோ.

ஒருநாள் நான் போனபோது வெயிலில் கேட்டுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பை எல்லாம் எடுத்துக்கொண்டு, தலை சீவி, பவுடர் போட்டு, கிளம்பி நிற்கிறாள். வண்டிதான் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, சொல்லிக்கொடுத்தேன். "கேஷ்தாண்ணா, வாங்க."

அவள் வாயில் அது பாட்டு மாதிரி வந்தது. 'அண்ணா' மேலே ஏறும், 'வாங்க' கீழே இறங்கும். நான் ஆட்டோக்காரர் மாதிரி காதில் கையை வைத்துக்கொண்டு, "கேஷா, ஆன்லைனா?" என்று கேட்பேன், அவள் பதில் சொல்வாள், இருவரும் சிரிப்போம். எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு அதுதான். அடுத்த நாள் ஆட்டோ வந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் கீரைக்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

வைகாசியில் பையன் வேலையாக ஒரு வாரம் வெளியூர் போனான். போகும்போது, "அவ பொறந்த ஊரும் மலைதாம்மா. ஊர் ஞாபகமாவே கீறா. ஒரு நாள் மேல கூட்டிக்கினு போய்ட்டு வாயேன்" என்றான். சரியென்று அவளை ஆலங்காயத்துக்குக் கூட்டி வந்து, மறுநாள் காலை ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறினோம். வண்டி மலை ஏற ஏற ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் என் கையைத் தட்டி எதையாவது காட்டினாள். எனக்குப் பழகின மரம்தான், பழகின பாறைதான். ஆனாலும் அவளோடு சேர்ந்து எட்டிப் பார்த்தேன்.

ஜமுனாமரத்தூரில் இறங்கி, டீ குடித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் அருவிக்குப் போனோம். திரும்பும்போது ஆட்டோ கிடைக்கவில்லை. மரநிழல் இருக்கிறதே, நடந்துவிடலாம் என்று கிளம்பினோம்.

பாதி தூரம் வந்திருப்போம். மேலே பாறையில் தேனடை இருந்ததா, யாராவது கலைத்துவிட்டார்களா, எதுவும் தெரியாது. திடீரென்று காதோரம் ஒரு இரைச்சல். அவ்வளவுதான். கழுத்து, கன்னம், கை என்று சுருக் சுருக்கென்று கொட்டியது. நான் முந்தானையை இழுப்பதற்குள் மருமகள் தன் ஷாலை என் தலை மேல் போட்டு, என்னைக் கட்டிப் பிடித்தபடியே இழுத்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் போனதும் இரைச்சல் நின்றது.

சின்ன வயதில் தேனீ கொட்டியிருக்கிறது. வீங்கும், எரியும், போய்விடும். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. உதடு தடித்தது. நாக்கு வாய்க்குள் பெரிதாகிக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடிப்பது போல மூச்சு கீச்சுகீச்சென்றது. ரோட்டோரம் ஒரு மரத்துக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்தாள். டவர் இல்லை. கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், பாறை மேல் ஏறிப் பார்த்தாள். ஆப்பைத் திறந்து அமுக்கினாள். அந்தக் காட்டில் ஆப்பில் யார் வருவார்கள்? போனைப் பையில் போட்டுவிட்டு நடுரோட்டில் போய் நின்றாள்.

ஒரு கார் வந்தது. இரண்டு கையையும் விரித்து மறித்தாள். கண்ணாடி இறங்கியது. அவளுக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதானே? "கேஷ்தாண்ணா, வாங்க! கேஷ்தாண்ணா, வாங்க!" என்று கத்தினாள். எதையோ விற்கிறாள் என்று நினைத்தார்களோ என்னவோ, வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மரத்துக்குப் பின்னால் சாய்ந்திருந்த என்னை அவர்கள் பார்க்கவே இல்லை. அடுத்து வந்த பைக் ஒதுங்கிப் போனது. அவள் அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து பேசின பாஷை எனக்கு, அன்றைக்கு ஒரு எழுத்து வரவில்லை. அவள் குரல் மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பாட்டு எல்லாம் போய், அழுகையாகிவிட்டிருந்தது.

அப்போதுதான் பலாப்பழம் ஏற்றின ஒரு குட்டி யானை லோடு வண்டி வளைவு திரும்பி வந்தது. மருமகள் கையில் இருந்த நோட்டுகளை எல்லாம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வண்டி முன்னால் நின்றுவிட்டாள். ஓட்டி வந்தவர் பிரேக் அடித்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, வண்டி முன்னால வந்து நிக்கிற? எங்க வரணும்?"

"கேஷ்தாண்ணா, வாங்க!"

அவள் என்னைக் கை காட்டினாள். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம்தான் முதலில் பார்த்தது. "ஐயோ, அந்தம்மா மூஞ்சப் பாருய்யா! தேனீ கொட்டிக்கீது. எறங்குய்யா, தூக்கு, தூக்கு!" என்று கத்திக்கொண்டே குதித்தாள்.

என்னை முன் சீட்டில் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணும் மருமகளும் பின்னால் பலாப்பழங்கள் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி பறந்தது. முதுகுப்பக்கம் இருந்த சின்ன ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை உள்ளே வந்து என் தோளைப் பிடித்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கை எடுபடவில்லை.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் கேள்வி எதுவும் கேட்காமல் படுக்கவைத்து ஊசி போட்டார்கள், மூச்சுக்கு மாஸ்க் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டையைப் பிடித்திருந்தது மெதுவாக விட்டது. "சிலருக்கு இது ஒத்துக்காதும்மா. நல்லவேளை, சீக்கிரம் கூட்டிக்கினு வந்துட்டாங்க" என்றார் நர்ஸ்.

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மருமகள் அந்த வண்டிக்காரரிடம் நோட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தாள். "வேணாம்மா, வச்சிக்க" என்று அவர் தள்ளிவிட்டார். அவளுக்கு விளங்கவில்லை. காசு என்று சொல்லித்தானே வண்டி வந்தது? குறைவாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள். பையைக் கொட்டித் தேடி, இந்த ஊரில் ஒருநாளும் வேலை செய்யாத தன் ஊர் கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இத வச்சிக்கினு நான் இன்னாம்மா பண்றது?" என்று சிரித்துவிட்டார்.

அவர் சம்சாரம் கார்டையும் நோட்டையும் வாங்கி மருமகளின் பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்தாள். அப்புறம் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். "இந்தப் பொண்ணுக்கும் கொட்டிக்கீது பாருங்க" என்றாள். எனக்கு அதுவரை தெரியாது. ஷாலை என் தலையில் போட்டுவிட்டாளே, அவள் கையெல்லாம் திறந்துதானே இருந்தது? அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தால் முள் முள்ளாக எடுத்தாள். அவ்வளவு நேரம் தைரியமாக இருந்த மருமகள் அப்போதுதான் உடைந்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பினாள். அந்தப் பெண், "ஒண்ணும் இல்ல கண்ணு, ஒண்ணும் இல்ல" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அது மட்டும் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். நர்ஸ் வந்து அவளுக்கும் மருந்து போட்டு, கொஞ்ச நேரம் உட்காரவைத்துக் கவனித்தார்.

வண்டிக்காரர் பழத்தை இறக்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். நர்ஸ் போன் போட்டுச் சொல்லி, என் வீட்டுக்காரர் பஸ் பிடித்து மேலே வந்து சேரும் வரை அவர் சம்சாரம் எங்களுடனேயே இருந்தாள்.

மருமகள் என் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். எல்லாம் அவள் பாஷைதான். ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனால் 'கோன், கோன்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. சாயங்காலம் பையன் போனில் வந்தான். அவளிடம் பேசினான், அழுதான், அப்புறம் என்னிடம் பேசினான். என் குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது.

"அப்பலேர்ந்து கோன் கோன்னு சொல்லிக்கினே கீறாடா. இன்னாடா அது?" என்று கேட்டேன்.

அவன் சொன்னான்.

"அங்க பெத்தவங்ககிட்ட பேசறப்ப 'நான்'னு சொல்ல மாட்டாங்கம்மா. கோன்னுதான் சொல்லிக்குவாங்க. கோன்னா புள்ள. 'அம்மா, புள்ள இங்கதான் கீறேன், புள்ள எங்கயும் போவ மாட்டேன்'னு சொல்லிக்கினு இருந்திருக்கா."

போனை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கன்னத்தில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. தலை கலைந்து, மூக்கு சிவந்து, எங்கள் வீட்டுப் பெண் அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தாள்.

இப்போது இருவரும் திரும்ப வியட்நாம் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாள். அவள் தமிழ் கொஞ்சம் கூடியிருக்கிறது, நானும் அவள் பாஷையில் "சாப்பிட்டியா?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். நான் கேட்பது சரியாக வராது போலிருக்கிறது, விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே தப்பாகக் கேட்பேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் முதலில் கேட்பதே, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்றுதான். இத்தனை வருஷமாக "ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது யோசிக்காமல் "ரெண்டு" என்றுதான் வாயில் வருகிறது. சொல்லி முடித்ததும், அதில் நான் பெறாத ஒன்றை எனக்குக் கொடுத்த அந்த மலை ரோட்டை நினைத்து மனசு நிறைந்துபோகிறது.