மிட்டாய் அண்ணனின் பல் வலி

கேக் தட்டு தன் பக்கம் வருவதற்குள் கன்னத்தில் கையை வைத்துவிடுகிறார் மிட்டாய் அண்ணன். "பல்லு வலிம்மா, நீங்க சாப்பிடுங்க." எங்கள் டைல்ஸ் கிடங்கில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் இதே பாட்டுத்தான். பதினோரு வருடமாக வலிக்கும் பல் அது. போன மாதம் வலது கன்னம், இந்த மாதம் இடது.

வேடிக்கை என்னவென்றால், அவர் சட்டைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் கிடக்கும். பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைத் திடீரென்று ஓரங்கட்டுவார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கேக்குக்கு வலிக்கிற பல் மிட்டாய்க்கு வலிக்காதா என்று கேட்டால், "அது வேற பல்லு" என்பார். ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் மனிதர் கெட்டிக்காரர். மூன்று ஆள் உயரத்தில் பெட்டியை ஏற்றி வைப்பார், ஒரு முனை நசுங்காது.

பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் எனக்கு மட்டும் உண்மை தெரியும். பேட்டரி அறையில் வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு, அவர் வயிற்றில் இன்சுலின் ஏற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து தொலைத்தேன். சர்க்கரை சட்டென்று இறங்கினால் ஏற்றிக்கொள்ளத்தான் அந்த மிட்டாய்.

"முதல் வேலையில உண்மையச் சொன்னேன் தம்பி. மயங்கி விழுந்தா யாரு பொறுப்புன்னு அன்னிக்கே அனுப்பிட்டாங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் அதே கேள்வி. அப்புறம் வாயத் தொறக்கறதே இல்ல."

பிறகு அமைந்த மனைவிக்கு எல்லாம் தெரியும். மாமியாருக்கு இன்னும் பல் வலிதான். வருடம் தவறாமல் கிராம்புத் தைலம் வாங்கி அனுப்புகிறார், பாவம்.

போன வாரம் இரண்டாவது வண்டிக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். மதியம் சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும், கூச்சமே இல்லாமல் ஊசியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். மேற்பார்வையாளர் முகம் கறுத்துவிட்டது.

"சுகர் இருக்கறவங்க வண்டியத் தொடக் கூடாதும்மா. சாவியக் குடு."

"தெனம் டெஸ்ட் பண்ணிட்டுத்தான் சார் ஏர்றேன். ஒரு பொட்டி கூட விழலையே?"

"விழுந்தப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?"

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். நாங்கள் அத்தனை பேரும் குனிந்து அவரவர் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வெளியே இரண்டு லாரிகள் சரக்கு இறக்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

மிட்டாய் அண்ணன் எழுந்தார்.

"எனக்கு இருவது வருஷமா இருக்கு சார்."

இடுப்பிலிருந்து தன் சாவியைக் கழற்றி, அவள் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.