நோயாளி யார் என்ற கட்டம்

எனக்குப் பொறுமை கிடையாது. எண்பதுகளில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் ஊழியர்களின் மருத்துவ பில்களைச் சரிபார்த்த காலத்தில் சுத்தமாகவே கிடையாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் பட்டியலில் ஒரு எண் உண்டு. நோயாளி யார், என்ன நோய், எந்த எண், மூன்றும் பொருந்தினால் பில் புதுச்சேரிக்குப் போகும். பொருந்தாவிட்டால் எதிரில் நிற்பவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன்.

ஒருநாள் கீழ்மாடியில் வேலை பார்த்த எழுத்தர் மெட்ராஸ் பில் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் குழந்தைக்கு ஒன்றரை வயது, இன்னும் உட்காரவில்லை. குரோமோசோம் பரிசோதனை செய்திருந்தார்கள். கோளாறு பெற்றோர் வழியாக வந்ததா என்று பார்க்க இவர் ரத்தமும் மனைவி ரத்தமும் எடுத்திருந்தார்கள். அப்படியொரு பரிசோதனை எங்கள் பட்டியலிலேயே இல்லை. 'பிற' என்ற எண்ணில் தள்ளினேன். அதோடு விட்டதா? நோயில்லாதவருக்குச் செய்த பரிசோதனைக்குப் பணம் தரக்கூடாது என்று வேறு விதி.

"ஏன் சார் உயிரை வாங்குறீங்க? உங்களை நோயாளின்னு போட்டா சர்வீஸ் புக்குல ஏறிடும். உங்க டெஸ்டுக்கு ஆன பணத்தை விடுங்க. வீட்டம்மா பேரைப் போட்டு, பரம்பரைக் கோளாறுன்னு எழுதுங்க. யாரு கேக்கப் போறா?" என்றேன்.

பேனாவைத் திறந்தார், மூடினார். அப்புறம் பாரத்தில் நோயாளி யார் என்ற கட்டத்தில் மனைவி பெயரை எழுதினார். பரிசோதனை முடிவு இரண்டு பக்கம் இங்கிலீஷில் பின்னால் குத்தியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, அந்த பாரத்தோட நகல் என் மாமியார் கையில இருக்கு. கோளாறு உன் ரத்தத்துலதான்னு கவர்மெண்டே எழுதியிருக்குன்னு சொல்றாங்க. என்னை அம்பகரத்தூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவருக்கு வேற பொண்ணு பாக்குறாங்க. அது தப்புன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்கக்கா."

பரிசோதனை முடிவை என் முன்னால் வைத்தாள். அன்றைக்குத்தான் படித்தேன். தாய் தகப்பன் இருவரிடமும் எந்தக் கோளாறும் இல்லை, குழந்தைக்குத் தானாக வந்தது என்று பச்சையாகப் போட்டிருந்தது. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் வாய் வேறு சொன்னது.

"பாஸான பில்லுல கை வைக்க முடியாதும்மா."

பயம். எழுதிக் கொடுத்தால், பொய்யாக எழுதச் சொன்னது யார் என்று கேட்பார்கள். அவள் பரிசோதனை முடிவை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே பில்லை மூன்று தரம் கூட்டினேன், மூன்று தொகை வந்தது. வீட்டில் ரசத்துக்கு உப்பில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்ல, "போட்டுக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் போக இடமில்லை. படியில் அந்த எழுத்தர் எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் எழுதினேன். 'அவ்வாறு எழுதச் சொன்னது நான். அந்தப் பெண்ணுக்கு எந்த நோயும் இல்லை.' ஒரு பிரதியை சூப்பிரண்டு மேஜையில் வைத்தேன். வேலை போனால் போகட்டும். இன்னொன்றை எடுத்துக்கொண்டு அம்பகரத்தூர் பஸ் ஏறினேன்.

அவள் இரண்டு தரம் படித்தாள்.

"இதைக் கொண்டுபோய் உன் வீட்டுக்காரர்கிட்ட காட்டும்மா" என்றேன்.

"அவருக்குத் தெரியுங்கக்கா. மெட்ராஸ் டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சுத்தான் சொன்னாரு. வீட்டுல வாயே திறக்கல."

"என் மேல கோவமாம்மா?" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள், குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே. "அவருக்கு அவங்க அம்மாகிட்ட பயம். நீங்க யோசிக்கக்கூட இல்லையே."